எழுப்பி, தூக்கி, மறுபடி படுக்கவைத்த பெட்டிகள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் கணினிப் பணியாளர்கள் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். அதில் ஓய்வு பெற்றவர்களுக்கு என்று சில பக்கங்கள் உண்டாம். எழுத ஆள் கிடைக்காமல் மலர்ப் பொறுப்பாளர் கவிதா என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முப்பத்து நான்கு வயது. தலையில் முடி இருக்கிறது, பல்லெல்லாம் சொந்தப் பல். ஓய்வு பெற்றவர்கள் பக்கத்தில் என் படம் வந்தால் அம்மா எனக்குப் பெண் பார்ப்பதையே நிறுத்திவிடுவார் என்று சொல்லிப் பார்த்தேன். கம்பெனி கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் ஓய்வுதான் என்று கவிதா முடித்துவிட்டார். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவதை யார் படிப்பார்கள் என்றேன். பிழை திருத்தித் தருவதாகச் சொன்னார். ஆகையால் இதில் நல்ல தமிழ் எங்காவது தென்பட்டால் அது கவிதாவுடையது.

அப்படியும் எழுதியிருக்க மாட்டேன். வாட்சாப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டான், பழைய மெயில் பெட்டிகளைப் புதுச் சர்வருக்கு மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா, ஒரு பட்டனை அமுக்கினால் தானாகப் போய்விடுகிறதே, அந்தக் காலத்தில் நீங்களெல்லாம் என்னதான் செய்தீர்கள் என்று. அந்தக் காலம் என்று அவன் சொன்னது ஆறேழு வருடத்துக்கு முன்னால். ஊரையே கிண்டல் செய்து வளர்ந்தவன் நான். என்னையே ஒருவன் கிண்டல் செய்தால் பதில் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. சிரிப்பாக நாலு வரி எழுதிப் போடலாம் என்று உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. இதுதான் வந்தது.

கம்பெனி பேர் வேண்டாம். பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனில் அலுவலகம், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் தொழிற்சாலை. இயந்திரங்களுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். எனக்கு அங்கே வேலை கிடைத்ததற்குக் காரணம் என் இடுப்பளவு. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஊர்ந்து போய்க் கேபிள் இழுக்க ஓர் ஒல்லியான ஆள் தேவைப்பட்டது. பெருச்சாளிகளோடு நல்ல பழக்கம் வைத்துக்கொண்டு சில வருடம் இழுத்தேன். கேபிளின் ஒரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. மறுமுனையில் ஃபிலோமினா அக்கா இருந்தார்.

சர்வர் அறைக்கு அவர்தான் தலைவி. ஐம்பதைத் தாண்டியவர். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் வருவார். குளிர் அறைக்கென்று ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ரொம்பக் கோபம் வந்தால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தடவை சொன்னதை மறுமுறை சொல்ல மாட்டார். கேட்காதவன் காது அவன் பொறுப்பு.

அவரிடம் ஒரு வேலை முறை இருந்தது. ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் தட்ட வேண்டும். சர்வருக்கு எந்தக் கட்டளை கொடுப்பதானாலும் முதலில் காகிதத்தில் வரிவரியாக எழுதிக்கொள்வார். பிறகு என் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு வரியை வாசிப்பார். நான் அந்த வரியை மட்டும் தட்டுவேன். தட்டி முடித்ததும் இரண்டு கையையும் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொள்ள வேண்டும், ஜெபத்துக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் உள்ளதைப் படிப்பார். 'ம்' என்பார். அந்த 'ம்' வந்த பிறகுதான் என்டரை அமுக்கலாம். அவர் வாசிக்காததை நான் தட்டக்கூடாது என்பது சட்டம். எனக்கு முன்னால் இருந்த பையன் கொஞ்சம் படித்தவன். சொந்த மூளையில் ஒரு வரி சேர்த்துத் தட்டி, ஒரு மேனேஜரின் மெயில் முழுவதையும் அழித்துவிட்டானாம். அன்றிலிருந்து, தட்டுகிறவன் யோசிக்கக்கூடாது என்று அக்கா முடிவு செய்துவிட்டார். யோசிக்காமல் இருக்க என்னைவிடத் தகுதியான ஆள் பினாங்கில் கிடையாது. அதனால்தான் என்னை வைத்துக்கொண்டார் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

இனி ஆரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி அவன் வீடு. தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் பாதியில் இறங்கிக்கொண்டேன், அவன் ஐந்தாம் படிவம் வரை போய், எங்கள் அலுவலகத்திலேயே ஸ்டோர் பிரிவில் உட்கார்ந்தான். அவனுடைய அண்ணன் தேவா பிறை தொழிற்சாலையில் டெக்னிஷியன். உடைந்துபோன பாகங்களைப் படம் எடுத்து மெயிலில் அனுப்புவது அவர் வேலையில் பாதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சமைக்கும்போது அவர்களுடைய அம்மா எனக்கும் சேர்த்தே அரிசி போடுவார். நான் சாமி கும்பிடுவது மாரியம்மன் கோயிலில். சாப்பிடுவது மாதாவின் பிள்ளைகளோடு.

யாருடைய கணினி மக்கர் செய்தாலும் நான் உள்ளே நுழையும்போது சொல்வது ஒன்றுதான்: "அழாதீங்க, வந்துட்டேன்." மெசேஜ் போட்டாலும் கடைசியில் 'அழாதீங்க' என்று முடிப்பேன். அலுவலகம் முழுக்க இது பிரபலம். எங்கள் நிர்வாகி மிஸ்டர் லிம்கூட என்னைக் கண்டால் "அலாத்திங்கே" என்பார். தேவா அண்ணனுக்கு இந்த வார்த்தை மேல் தனி மோகம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார்.

தங்கை பிள்ளைக்கு ஈப்போவில் ஞானஸ்நானம் என்று அவர் லீவு எடுத்தார். போகும் முன் மெயிலில் தானியங்கிப் பதிலை முடுக்கிவிட்டுப் போனார். லீவில் இருப்பவருக்கு யாராவது மெயில் போட்டால், ஆள் இல்லை என்று பெட்டியே பதில் சொல்லும் அல்லவா, அதுதான். ஆங்கிலத்தில் ஒழுங்காக இரண்டு வரி எழுதிவிட்டு, என்னைச் சீண்டுவதற்காக அடியில் தமிழில் ஒன்று சேர்த்திருந்தார்: 'திங்கட்கிழமை வந்துடுவேன், அழாதீங்க.' அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பினார். ராயல்டி கேட்டேன். வந்து தருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, பாலத்துக்கு முன்னால் ஜுருவில் மழை. பின்னால் வந்த லாரிக்குக் கண் தெரியவில்லை.

செய்தி கேட்ட அன்றே அக்கா தேவா அண்ணனுடைய பெட்டியைப் படுக்கவைத்தார். எங்கள் அறையில் அதற்கு அப்படித்தான் பேர். வேலையை விட்டுப் போனவர், நீக்கப்பட்டவர், இறந்தவர் யாருடைய பெட்டியையும் கம்பெனி அழிப்பதில்லை. நாளைக்குத் தணிக்கைக்காரன் கேட்பான், வாடிக்கைக்காரன் கேட்பான். அதனால் உள்ளே இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, பெட்டியைத் தூங்க வைத்துவிடுவோம். தூங்குகிற பெட்டிக்குள் எதுவும் வராது, அதிலிருந்து எதுவும் போகாது. தானியங்கிப் பதில் இருந்தாலும் அதுவும் சேர்ந்து தூங்கிவிடும்.

இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டி தூங்கியது. அதற்குள் ஆரோ மெலிந்து, மறுபடி தேறி, சிரிக்கவும் ஆரம்பித்திருந்தான். அவனைச் சிரிக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை மட்டும் பெருமையாகவே சொல்வேன். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் ஒருவன்தான் அவனிடம் வழக்கம்போலப் பேசினேன். பிற்பாடு அவனே அதைச் சொன்னான்.

பிறகு ஒருநாள் மிஸ்டர் லிம் எங்கள் அறைக்கு வந்து, மெயில் முழுவதும் கோலாலம்பூரில் உள்ள புதுச் சர்வருக்குப் போகிறது என்றார். உயிரோடு இருக்கும் பெட்டிகளைப் புது ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். தூங்குகிற பழைய பெட்டிகளை நாங்கள் மாற்றித்தர வேண்டும். அதோடு எங்கள் சர்வர் அறையை மூடிவிடுவார்கள். எங்களில் ஒருவருக்கு மட்டும் புதுக் குழுவில் இடம் உண்டு. அந்த ஒருவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. நான் அன்று மாலையே ஜுருவில் கார், வேன் என்று காடிகளுக்கு ரேடியோ மாட்டும் என் மாமாவிடம் வேலை சொல்லி வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு அந்த இடம் கிடைத்தே ஆகவேண்டும். அவருடைய வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில்தான் அது நடந்தது. வேலை போனால் அட்டையும் போய்விடும். அக்கா இதைப் பற்றிப் பேசமாட்டார். அந்த மூன்று நாளில் மட்டும் மதியம் சாப்பிடப் போகாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அது போதும்.

தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும் கருவிக்குத் தூங்குகிற பெட்டி கண்ணுக்கே தெரியாது. முதலில் எழுப்ப வேண்டும். தூக்கிப் புது இடத்தில் வைக்க வேண்டும். மறுபடி படுக்கவைக்க வேண்டும். எழுப்புவதற்கும் படுக்கவைப்பதற்கும் இடையில் அந்தப் பெட்டிக்கு உயிர் உண்டு. யாராவது அந்த முகவரிக்கு மெயில் போட்டால் உள்ளே போகும். தானியங்கிப் பதில் இருந்தால் பேசும். அதனால் அக்காவின் காகிதத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் இந்த வரிசை இருந்தது: பேர் வாசி. கதவை மூடு. வாயை மூடு. எழுப்பு. தூக்கு. எண்ணிப் பார். படுக்கவை. கதவு என்றால் உள்ளே வரும் மெயில். வாய் என்றால் தானியங்கிப் பதில். எண்ணுவது, பழைய இடத்தில் எத்தனை மெயில் இருந்ததோ புது இடத்திலும் அத்தனை இருக்கிறதா என்று.

அலுவலகம் ஆளில்லாமல் இருக்கும் சனி, ஞாயிறு பகலில் செய்தோம். ஒவ்வொரு பெட்டிக்கும் "வாய மூடு" என்று அக்கா வாசிப்பார். "எனக்காக்கா, பெட்டிக்கா?" என்று நான் கேட்பேன். அத்தனை பெட்டிக்கும் அதே கேள்வி. அவர் சிரிக்கவும் மாட்டார், நிறுத்தச் சொல்லவும் மாட்டார்.

சிரிக்கும்படியான வேலையும் இல்லை அது. பேர் வாசித்ததும் அக்கா அந்த ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார். இவன் சிங்கப்பூர் போய்விட்டான். இந்தப் பெண் கல்யாணம் முடிந்து ஜொகூரில் இருக்கிறாள். இவரை வேலையை விட்டு நிறுத்திய அன்று இவர் மேசையிலிருந்த பூச்செடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், அது இன்னும் இருக்கிறது. யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து சொன்னவர்கள், லீவு கேட்டுக் கெஞ்சியவர்கள், சண்டை போட்டவர்கள் எல்லாரும் வரிசையாக எழுந்து, கோலாலம்பூர் போய், படுத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்த சர்வர்கள் ஒவ்வொன்றாக வேலையில்லாமல் போயின. எங்கள் வேலையை நாங்களே மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, அக்கா வாசித்தார்: "தேவசகாயம்."

வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைப்பது திரையின் கறுப்பில் தெரிந்தது. நானும் சும்மா இருந்தேன். கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, மற்ற பெட்டிகளுக்கு உட்கார்ந்ததைவிட ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எழுப்பு" என்றார்.

தட்டினேன். கையை எடுத்தேன். "ம்" என்றார். அமுக்கினேன்.

உடைந்த பாகங்களின் படங்கள் இருந்ததால் அந்தப் பெட்டி பாரம். நகரவே நேரம் பிடித்தது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் போய்ச் சேரும், வந்து எண்ணிப் படுக்கவைக்கலாம் என்று விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை ஆரோ தன் வழக்கப்படி பிறை உற்பத்திக் குழுவுக்கு ஸ்டோர் இருப்பு விவரத்தை மெயிலில் அனுப்பினான். குழு முகவரிக்கு ஒரு மெயில் போட்டால் அதில் பேர் உள்ள எல்லாருக்கும் போகும். தேவா அண்ணனின் பேரை அந்தக் குழுவிலிருந்து யாரும் எடுத்திருக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லையோ, மறந்துவிட்டார்களோ. ஆரோ அனுப்பிய மெயிலுக்கு அவனுடைய அண்ணனிடமிருந்து பதில் வந்தது. திங்கட்கிழமை வந்துடுவேன், அழாதீங்க.

அவனுக்கு மட்டும் அல்ல. அன்று காலை அந்தக் குழுவுக்கு மெயில் போட்ட ஒவ்வொருவருக்கும் வந்தது. கடைசி வார்த்தையைப் படித்ததும் எல்லாருக்கும் என் முகம் ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

ஆரோ எங்கள் அறை வாசலில் வந்து நின்றபோது நான் தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் நாலைந்து பேர். போனை நீட்டினான். படித்தேன். படித்த அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் 'எனக்காக்கா, பெட்டிக்கா' என்று நான் கேட்கவே இல்லை. கேட்க இடம் வரவில்லை. பேருக்குப் பிறகு நேராக 'எழுப்பு'. நடுவில் இரண்டு வரி போய்விட்டது. மற்றவர்களுடைய பெட்டிகளுக்கெல்லாம் தவறாமல் வாசித்தவர், அழுகையை அடக்கிக்கொண்டு வாசித்த இடத்தில் வரி தாண்டியிருக்கிறார். அவர் வாசித்ததை மட்டும் நான் தட்டியிருக்கிறேன்.

"இது நீ போட்டதாடா?" என்றான் ஆரோ.

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காகிதம் அவர் கையில். அவருக்கும் புரிந்துவிட்டது என்று தாண்டிப்போன அந்த இரண்டு வரிமேல் அவர் விரல் போய் நின்றதிலிருந்து தெரிந்தது. இல்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் என்பது. வாசலில் நின்றவர்களில் ஒருவர் மிஸ்டர் லிம்மின் உதவியாளர்.

"உள்ள வா ஆரோ. உக்காரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"அம்மா இன்னிக்குத்தான் அண்ணனுக்குப் பூசை கேட்டிருக்காங்க," என்றான். "விளையாட உனக்கு வேற ஆளு கிடைக்கலையா?"

போய்விட்டான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.

மத்தியானம் மிஸ்டர் லிம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கோலாலம்பூர் ஆட்கள் போனில் இருந்தார்கள். நடந்தது யாருடைய பிழை, வேலை முறையில் ஓட்டையா, இல்லை யாராவது வேண்டுமென்று செய்ததா என்று கேட்டார். வேலை முறையில் ஓட்டை என்றால் அந்த முறையை எழுதியவரைப் புதுக் குழுவில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று போனிலிருந்து ஒரு குரல் சொன்னது.

அக்கா நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். அவர் வாய் திறக்கும் முன் மூச்சு இழுப்பது எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் தோளுக்குப் பின்னால் கேட்ட மூச்சு. அந்த மூச்சு முடிவதற்குள் நான் முந்திக்கொண்டேன். மலாயில் சொன்னேன், சும்மா மாயின்-மாயின் பாஸ், விளையாட்டுக்குச் செய்தேன், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்று. நம்புவதற்கு யாருக்கும் கஷ்டமாக இல்லை. பத்து வருடமாக எல்லாரையும் கிண்டல் செய்து சேர்த்து வைத்த பேர் அன்று ஒருநாள் உபயோகப்பட்டது. மாதக் கடைசியோடு போய்விடு என்றார்கள். எப்படியும் போகிறவன்தான்.

வெளியே வந்ததும் நடைபாதையில் அக்கா நின்றார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எல்லாப் பெட்டிக்கும் எழுதினேன். உன் வாய மூட ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்டா."

அன்று அவர் நேரத்தோடு கிளம்பிவிட்டார். தேவா அண்ணனின் பெட்டியை எண்ணிப் பார்த்து, கதவை மூடி, வாயை மூடிப் படுக்கவைக்கும் வேலையைக் கிளம்பும் முன் நாங்கள் இருவரும்தான் செய்தோம். அவர் வாசித்தார், நான் தட்டினேன். கிண்டல் இல்லை.

மறுநாள் காலை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார், ஆரோ வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா என்று.

"எதுக்குக்கா, செருப்படி வாங்கவா?"

"போய்ட்டு வாடா. ஒன்னும் கேக்க மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. பழியைச் சுமந்தது போதாதென்று மன்னிப்பும் கேட்டுவிட்டு வரச் சொல்கிறாரே என்று பட்டது. போனால் அவன் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உண்மையைச் சொல்லி அக்காவை மாட்டிவிட வேண்டும். அவன் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டால் இரண்டும் என்னால் முடியாது. அக்கா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பிறைக்குக் கேபிள் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அவர் ஒரு தடவை சொன்னதை மறுமுறை சொல்லாதவர் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேனே.

மிச்சம் இருந்த நாட்களில் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள 'மாமாக்' முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஆரோ எங்கள் வழக்கமான மேசையிலேயே உட்கார்ந்தான். எதிர் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை, தன் பையை அதன்மேல் வைத்துக்கொண்டான். என்னைக் கடுப்பேற்றத்தான் அப்படிச் செய்கிறான் என்று நினைத்தேன். நான் வேறு கடைக்குப் போனேன். மாதக் கடைசியில் என் திருப்புளிகளையும் ஒரு பிளாஸ்டிக் குவளையையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஸ்டோர் கண்ணாடிக்குள்ளிருந்து அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் பார்க்காத மாதிரி லிப்டுக்குள் போனேன்.

இப்போது ஜுருவில் மாமா கடையில் இருக்கிறேன். காடிகளுக்கு ரேடியோ மாட்டுகிறேன், பின்னால் பார்க்கிற கேமரா மாட்டுகிறேன். தினமும் மோட்டாரில் பாலம் தாண்டி, அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறேன். மழை பெய்தால் முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடுவேன். டத்தோ கிராமாட்டில் ஆரோ வீட்டுச் சந்தைத் தவிர்க்க இன்னொரு சுற்று சுற்றிப் போகிறேன். எதற்கு இப்படி எண்ணெய் வீணாக்குகிறாய் என்று அம்மா கேட்பார். ரோடு நன்றாக இருக்கிறது என்பேன்.

அக்கா புதுக் குழுவில் சேர்ந்தார். அட்டை தொடர்ந்தது. வீட்டுக்காரர் அதற்குப் பிறகு சில வருடம் இருந்தார். சென்ற வருடம் போய்விட்டார். துக்கத்துக்கு ஆயர் ஈத்தாம் போனேன். வாசலில் ஆரோ நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான், சொந்தக்காரன் மாதிரி. அவனுக்கு அக்காவிடம் என்ன அவ்வளவு ஒட்டுதல் என்று யோசித்தேன். ஒரே வேதக் கோயிலுக்குப் போகிறவர்கள், அந்தப் பழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்ப்பதற்குள், தெருமுனையிலேயே மோட்டாரைத் திருப்பிவிட்டேன். அக்காவுக்குப் போனில்தான் சொன்னேன். "வந்தியாடா?" என்று கேட்டார். வந்தேன் என்றேன். அது பொய்யும் இல்லை.

இந்த வருடம் அக்காவும் வேலையை விட்டுவிட்டார். இனி அவரிடமிருந்து பிடுங்குவதற்குக் கம்பெனியிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆரோவுக்குக் காட்டு என்றார்.

தம்பி, உன் பட்டனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அமுக்கும் முன், தூங்குகிற பெட்டிகளில் வாய் திறந்திருப்பது எது என்று மட்டும் பார்த்துக்கொள். அந்தப் பேரை வாசிக்கும்போது உன் பக்கத்தில் நிற்பவர் பேசாமல் நின்றுவிட்டால், நீயும் சும்மா இருந்துவிடாதே. காகிதத்தை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்.

இவ்வளவையும் நேற்று ஆரோவுக்கு வாட்சாப்பில் அனுப்பினேன். நம்பர் மாறவில்லை. அண்ணன் பேர் இருக்கிறது, படித்துப் பார், வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், அன்றைக்கு அதை நான் போடவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று கீழே எழுதினேன். இரண்டு கோடும் நீலமாயின. தட்டிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் ஒரே வரி வந்தது.

"ஃபிலோ அக்கா அன்னிக்கு சாயந்தரமே வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்கடா, நானும் அம்மாவும் நீ வருவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."